பின்னால் வந்த வெளிச்சம்

“உனக்குப் பின்னால யாருடி வந்தது?”

மார்லிஸ் இப்படிக் கேட்டது சாலையோரத்தில், ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். அவள் தலைமுடியில் பனி விழுந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அம்மாவின் அண்ணன் ரெய்னோ மாமாவின் ஏரிக்கரை வீட்டில் நாங்கள் எல்லோரும் கூடுவோம். வெள்ளிக்கிழமை சவுனா என்கிற நீராவிக் குளியல், சனிக்கிழமை பனிமேல் ஓடும் மோட்டார் பனிவண்டி, ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் ஊர். சனிக்கிழமை காலையில் கிளம்பி நாற்பது மைல் காட்டுவழியில் ஓட்டிப் போய், அங்கே ஒரு ஊர் மதுக்கடையில் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். இந்த வருடம் ஆறு வண்டிகள். முதலில் மாமா, அடுத்து அம்மா, அப்புறம் மாமா மகன் கர்ட், அதன்பின் சித்தி மகள் மார்லிஸ், அவளுக்குப் பின்னால் நான். கடைசியில் மார்லிஸின் அம்மா ஐலா சித்தி. எங்களில் நன்றாக ஓட்டுகிறவள் அவள்தான். விழுந்தவர்களைத் தூக்கிவிட வேண்டியவள் என்பதால் அவளுக்குக் கடைசி இடம்.

வண்டி இரைச்சலில் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம். தனக்குப் பின்னால் வருகிறவரின் வெளிச்சம் கண்ணாடியில் தெரிகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரியாவிட்டால் இடது கையை உயரத் தூக்கிவிட்டு நின்றுவிட வேண்டும். நான் நின்றால் என் வெளிச்சத்தைக் காணாமல் மார்லிஸ் நிற்பாள், அவளைக் காணாமல் கர்ட் நிற்பான், இப்படியே மாமா வரைக்கும் போய்ச் சேரும்.

காலையில் நான் இரண்டு தடவை நின்றேன். இரண்டு தடவையும் சித்தி ஒரு வளைவுக்குப் பின்னால்தான் இருந்தாள். இரண்டாம் தடவை எல்லோரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

“சென்யா, உங்க சித்திய ஓநாய் ஒண்ணும் தூக்கிட்டுப் போகல. அவங்கள தூக்கிட்டுப் போனா பாவம் ஓநாய்க்குத்தான் கஷ்டம்” என்றான் கர்ட். “இப்படி நின்னு நின்னு போனா மதியச் சாப்பாட்ட நாளைக்குத்தான் சாப்பிடணும்.”

அம்மாகூடச் சிரித்தாள். சித்தி மட்டும் வந்து என் தலைக்கவசத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். எனக்கு முகம் எரிந்தது. போன வருடம் நான் பள்ளியை விட்டதே இதனால்தான். வகுப்பில் எழுந்து நின்றால் அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பும், எனக்குக் குரல் வராது. ஏன் விட்டாய் என்று இன்றுவரை என்னைக் கேட்காதவள் சித்தி ஒருத்திதான்.

திரும்பி வரும்போது பனி பிடித்துக்கொண்டது. வழியில் உறைந்து கிடக்கும் பெரிய ஏரியைக் கடக்கும் இடத்துக்கு மூன்றே காலுக்கு வந்தோம். இரண்டு மைல் அகலம். வழி தெரிவதற்காகப் பனிக்கட்டியில் சின்னச் சின்ன ஊசியிலை மரங்களை வெட்டி வரிசையாக நட்டிருப்பார்கள். அந்த வரிசையை விட்டு விலகக்கூடாது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைதான். ஆனால் சில இடங்களில் மேல்பனிக்கும் அடிக்கட்டிக்கும் நடுவே தண்ணீர் தேங்கியிருக்கும். வண்டி அதில் இறங்கினால் ஏறாது.

பாதி ஏரியில் கண்ணாடியைப் பார்த்தேன், வெளிச்சம் இல்லை. வண்டிகள் கிளப்பிய பனித்தூள்தான் தெரிந்தது. பத்து வரை எண்ணலாம் என்று எண்ணினேன். ஏழில் வெளிச்சம் வந்துவிட்டது.

அது வெள்ளை வெளிச்சம்.

சித்தியின் வண்டி இருபத்தைந்து வருடப் பழசு. அதன் விளக்கு மஞ்சள், மங்கல். காலையிலிருந்து அந்த மஞ்சளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இது உயரத்தில் இருந்தது, கண்ணைக் கூசவைத்தது. பனி விழுவதால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடது கையைத் தோள் வரைக்கும் தூக்கினேன். கர்ட் திரும்பி வருவதும், எல்லோரும் என்னைச் சுற்றி நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. கையை இறக்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

ஏரி முடிந்தது. காட்டுக்குள் ஒன்பது மைல். ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன், வெள்ளை பின்னாலேயே வந்தது. நிற்காமல் போகப்போக, இனி நிற்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே வந்தது.

சாலையைக் கடக்கும் இடத்தில் மாமா எப்போதும் எல்லோரையும் நிறுத்திச் சேர்ப்பார். நாங்கள் ஐந்து பேரும் நின்றோம். அந்த வெள்ளை விளக்கு எங்கள் பக்கத்தில் மெதுவாக வந்தது. கறுப்புக் கவசம் போட்ட யாரோ ஒரு ஆள். எங்களைப் பார்த்து மூடிய முஷ்டியைத் தூக்கிக் காட்டினான். தனக்குப் பின்னால் வேறு யாரும் வரவில்லை என்பதற்கு இந்தப் பக்கத்தில் எல்லோரும் காட்டும் சைகை அது. சாலையைக் கடந்து போய்விட்டான்.

அப்போதுதான் மார்லிஸ் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

கைப்பேசியில் யாருக்கும் இணைப்பு இல்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபதைத் தாண்டியிருந்தது. அம்மாவும் கர்ட்டும் சாலையோடு போய் எங்கிருந்தாவது மீட்புக்காரர்களைக் கூப்பிட வேண்டும், மற்றவர்கள் திரும்பித் தேட வேண்டும் என்று மாமா சொன்னார். வழியில் மூன்று கிளைப்பாதைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இறங்கித் தடம் பார்த்துக்கொண்டு போகலாம் என்றார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையுறையை மட்டும் மூன்று முறை மாட்டிக் கழற்றினார்.

மூன்று கிளைப்பாதையையும் பார்த்துவிட்டுப் போனால் ஏரிக்குப் போய்ச் சேர இருட்டிவிடும்.

“ஏரி” என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார்.

“ஏரியிலதான் மாமா. வேற எங்கயும் பாக்க வேணாம்.”

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினார்.

அந்த ஒன்பது மைலில் நான் பார்த்த ஒவ்வொரு அடிமரமும் சித்தி விழுந்து கிடப்பது போல இருந்தது. கடவுளே என்று கூடச் சொல்ல வரவில்லை. ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன், எண்ணிக்கையும் தப்பித்தப்பிப் போனது.

ஏரியில் மாமா எங்களை மெதுவாக ஓட்டச் சொன்னார். பாதி ஏரி வந்ததும், நூறு அடிக்கு ஒரு முறை எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தோம். “அம்மா, அம்மா” என்று மார்லிஸ் கூப்பிட்டாள். காற்று மட்டும் கேட்டது. நான்காவது முறை அணைத்தபோது, மரவரிசையை விட்டு வலது பக்கம் விலகிப் போகும் ஒரு பள்ளம் மாமாவின் கண்ணில் பட்டது. புதுப்பனி விழுந்து முக்கால்வாசி மூடியிருந்தது. மாமா ஒரு கழியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தார். நாங்கள் அவர் மிதித்த இடத்திலேயே மிதித்தோம்.

வண்டி இருக்கை வரைக்கும் சாம்பல்நிறப் பனிச்சகதியில் இறங்கி, அப்படியே உறைய ஆரம்பித்திருந்தது. சித்தி இல்லை. காலடித்தடம் இருந்தது. ஆனால் அது கரைப் பக்கம் போகவில்லை, ஏரியின் நடுவை நோக்கிப் போயிருந்தது.

மார்லிஸ் ஓடினாள். மாமா அவளைப் பிடிக்கப் பார்த்து முடியாமல் பின்னால் ஓடினார். நான் அங்கேயே நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் பனிக்குள் மறைந்த பிறகு, தனியாக நிற்கும் பயத்தில்தான் நானும் ஓடினேன்.

முந்நூறு அடி தள்ளிச் சித்தி உட்கார்ந்திருந்தாள். கவசம் இல்லை, ஒரு கையுறை இல்லை. தொடை வரைக்கும் துணி பலகை மாதிரி விறைத்திருந்தது. அவள் உடம்பு நடுங்கவில்லை. இந்தக் குளிரில் நடுக்கம் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து; அதைப் பார்த்துத்தான் மாமாவின் முகம் மாறியது.

“நீங்க போங்க” என்றாள் சித்தி. நாக்கு குழறியது. “நான் கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்.”

ஏரியின் அந்தக் கோடியில் ஒருவர் மீன்பிடிக்கும் குடிசை போட்டிருந்தார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சித்தியை மாமா தனக்கு முன்னால் உட்காரவைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கே ஓட்டிப் போனார். காலணியைக் கத்தியால் அறுத்தோம். பாதம் மெழுகு மாதிரி இருந்தது. மீட்பு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை மார்லிஸ் தன் அம்மாவைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். நான் அடுப்பில் விறகு போட்டேன்.

மறுநாள் மதியம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எல்லோரும் இருந்தோம். உயிருக்குப் பயமில்லை என்றார் மருத்துவர். இடது கால் விரல்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது, சில வாரம் பார்க்க வேண்டும் என்றார். யாரோ ஒருவன் வேகமாக முந்திப் போனான், பனித்தூளில் மரங்கள் தெரியாமல் விலகிவிட்டேன் என்று சித்தி சொன்னாளாம். எல்லோரும் அந்தக் கறுப்புக் கவசக்காரனைத் திட்டினார்கள். நடுவில் ஒரு வெளிச்சம் வந்து புகுந்தால் யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போவார்கள் என்றாள் அம்மா. தான் காலையில் கிண்டல் செய்திருக்கக்கூடாது என்று கர்ட் என்னிடம் வந்து முணுமுணுத்தான்.

பிறகு மார்லிஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு காப்பி வாங்கி வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“இன்னும் அரை மணி நேரம் ஆயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாரு” என்றாள். “நீ ஏரின்னு சொல்லலன்னா மாமா காட்டுக்குள்ளயே தேடிட்டு இருந்திருப்பாரு. எங்கம்மா உயிரோட இருக்கறது உன்னாலதான்டி.”

நான் காப்பியைத் தரையில் வைத்தேன்.

“அது சரி, ஏரிதான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

பேசாமல் இருந்திருக்கலாம். நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியாது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

“அங்கதான் வெளிச்சம் மாறுச்சு” என்றேன். “சித்தியோடது மஞ்சள். அது வெள்ளை. நான் பாத்தேன்.”

“எப்ப பாத்த?”

“அப்பவே. ஏரியிலயே.”

“பாத்துட்டு?”

“கையத் தூக்கல. எல்லாரும் சிரிப்பீங்கன்னு.”

அவள் என் கையை விட்டாள். பிறகு எழுந்து, தன் காப்பியை நாற்காலியிலேயே வைத்துவிட்டு, சித்தி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.