குட்டி போடும் பருவத்தில் நடக்கப் போனவள்

பதினோரு நாட்களாக ரோனா ஆட்டுக் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. ஏப்ரல் மாதம், பண்ணை முழுக்க ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது, வீட்டு மருமகள் செய்கிற காரியமா இது? போதாததற்குத் தினமும் காலையில் நடக்க வேறு கிளம்பிவிடுகிறாள்.

"மணிக்கட்டு பிசகினா மலையேறணும்னு எந்த டாக்டர்மா சொன்னான்?" கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார் மாமனார் டூகல். "அவன்கிட்ட எனக்கும் ஒரு சீட்டு வாங்கிக் கொடேன்."

"அப்பா, சும்மா இருங்க," என்றான் அவள் கணவன் ஸ்ட்ரூவன்.

"உன்னை ஒண்ணும் சொல்லலடா. நீதான் இப்பல்லாம் உன் துணியை நீயே துவைச்சுக்கிற பெரிய மனுஷனாச்சே."

ரோனா கட்டுப் போட்ட கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டுக்கு ஒன்றும் இல்லை. குட்டி போடும் ஆடுகளிடமிருந்து தொற்றும் கிருமி வயிற்றுப் பிள்ளையைக் கலைத்துவிடும். ஆட்டின் பக்கம் போகக்கூடாது, கொட்டகைக்குப் போய்வந்தவர் துணியைக்கூடத் தொடக்கூடாது. பள்ளத்தாக்கில் இது தெரியாதவர் யாரும் இல்லை. காரணம் சொல்லாமல் கொட்டகைக்குப் போகாவிட்டால், ஊருக்கே அறிவித்த மாதிரி. அதனால்தான் அந்தக் கட்டு.

போன வருஷக் கடைசியில் பிள்ளை உண்டானதை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார்கள். கேக்குகளும் கம்பளிக் குல்லாய்களும் வந்து குவிந்தன. மூன்று வாரம் கழித்து, ஒவ்வொரு வீட்டுப் படியிலும் நின்று, இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை வியாழக்கிழமை ஸ்கேன் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடுவதில்லை. ஸ்ட்ரூவனிடம்கூட அவள் சோதனைக் குச்சியை நீட்டினாளே தவிர, வாய் திறந்து சொல்லவில்லை.

வெளியே காற்று குளிர்ந்தது. ஆடுகள் இருந்த வயலைச் சுற்றிக்கொண்டு ஓடைக்கரையோடு நடந்தாள். சூரியன் படும் கரையில் பிரிம்ரோஸ் பூத்துத் தீர்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையின் நிழலில் இன்னும் மொட்டு. இடையில் இரண்டே எட்டுத் தண்ணீர்தான். குட்டையில் நேற்றுவரை கறுப்புப் புள்ளிகளாக இருந்த தவளை முட்டைகள் இன்று வால்போல நீண்டிருந்தன. மேட்டில் மலைமுயல் ஒன்று உட்கார்ந்திருந்தது. முதுகு பழுப்பாகிவிட்டது, கால்கள் மட்டும் இன்னும் பனிக்கால வெள்ளை. வேறொருவரின் காலுறையை மாட்டிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. ரோனா தனியாகச் சிரித்தாள். பொய் சொல்லிப் பெற்ற நடைதான். ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு ஏப்ரலைக்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. ஏப்ரல் என்றால் கொட்டகை, வைக்கோல், தூக்கமின்மை.

கல்மதிலின் திருப்பத்தில் நின்றாள். வயலிலிருந்து தப்பி வந்த ஆடு ஒன்று தரையில் கிடந்து முக்கிக்கொண்டிருந்தது. குட்டியின் தலை மட்டும் வெளியே, வீங்கி. கால்கள் வரவில்லை.

அவளுடையதைப் போன்ற சின்னக் கை அந்தப் பண்ணையில் வேறு யாருக்கும் இல்லை. தலையைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு காலை வளைத்து இழுத்தால் போதும். கை தானாக முன்னால் போயிற்று. அதை இழுத்துக்கொண்டாள். காற்று ஆட்டின் பக்கம் வீசும்படி சுற்றிப் போய்த் தள்ளி நின்று கூப்பிட்டாள்.

மதிலின் சரிந்த கற்களை அடுக்கிக்கொண்டிருந்த டூகல் மூச்சிரைக்க வந்தார்.

"அட, தலை வெளிய வந்துடுச்சே! என் கை மண்வெட்டி மாதிரி. நீ வாம்மா."

"மணிக்கட்டு, மாமா..."

"ஆமா, மகாராணிக்கு மணிக்கட்டு. மறந்தே போச்சு."

மண்டியிட்டார். ஆடு கத்தியது.

"தலையை உள்ள தள்ளுங்க. இன்னும். இப்ப விரலைக் கீழ கொண்டுபோங்க, முட்டி தட்டுதா?"

"தட்டுது, தட்டுது. அங்க நின்னு பாடம் நடத்து நீ!"

குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோல் துரும்பால் கிளறினார். தும்மியது. டூகல் முகமெல்லாம் சிரிப்பாக அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"இந்தா, பிடி. தேய்ச்சு விடு."

"கிட்ட வராதீங்க!" ரோனா பின்வாங்கிக் கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். "கை வலிக்குது, மாமா."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"காலையில கட்டு வலது கையிலதானே இருந்துச்சு?"

ரோனாவும் பார்த்தாள். ஓடையில் முகம் கழுவக் கட்டை அவிழ்த்தவள், மாற்றிக் கட்டியிருந்தாள்.

டூகல் கட்டைப் பார்த்தார், கையிலிருந்த ஈரக் குட்டியைப் பார்த்தார், கோழை வழியும் தன் சட்டையைப் பார்த்தார். உதடு அசைந்தது. அப்படியே பின்னோக்கி நடந்தார். ஆட்டைத் தாண்டி, குட்டியை அதன் மூக்கடியில் விட்டு, மதில்வரை போய், ஏறிக் குதித்து அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

"நான் எதுவும் கேக்கல!" என்று அங்கிருந்து கத்தினார். "நீயா சொன்னா மட்டும் கேட்டுக்கிறேன்!"

வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆடு குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ ஒரு வானம்பாடி விடாமல் பாடியது. ரோனா இந்த முறை அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் நின்ற தூரத்துக்கு மெதுவாகச் சொன்னால் கேட்காது.

"எனக்குப் பிள்ளை பிறக்கப்போகுது, மாமா!"