கரண்டியில் பிடித்தது

விடிந்ததிலிருந்து பஸ் டிரைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைப்பக் கட்டையில் கரண்டியைக் கட்டிக்கொண்டு நாயின் பின்னால் அலைந்தான். மைனர் என்று பெயர் வைத்ததற்கு ஏற்ற மிடுக்கு அதற்கு. கம்பத்தடியில் காலைத் தூக்கும், கரண்டியைப் பார்க்கும், தூக்கிய காலை இறக்கிவிட்டு நடையைக் கட்டும். நாலு தெரு சுற்றிய பிறகுதான் ஏமாந்தது.

"அக்கா, ஒரு பாட்டில் குடு. சீக்கிரம்."

அக்கா எதையோ அவசரமாக அலசி நீட்டினாள்.

ஒரு வாரமாக மைனர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. அதனால்தான் கால்நடை டாக்டரம்மா காலைச் சிறுநீர் கேட்டிருந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் அவர் அதில் முக்கியெடுத்த சோதனைப் பட்டை கரும்பழுப்பாக மாறியது.

"சர்க்கரை ஏகத்துக்கு இருக்கு. தினமும் ஊசி போடணும். நீங்களே போடக் கத்துக்கலாம்."

"எனக்குத் தெரியும்மா," என்றான்.

அம்மாவுக்குக் கடைசி நாள் வரை அவன்தான் போட்டான். ஊசி இறங்கும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்னொரு உயிருக்கு அதைச் செய்ய அவனால் ஆகாது. மைனர் அவன் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

டாக்டரம்மா பாட்டிலை முகர்ந்து பார்த்தார். "இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

கூட வந்திருந்த அக்கா திருதிருவென்று விழித்தாள். "தேன். இவன் கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டு நின்னான், மேலாக்க அலசிட்டேன்."

டாக்டரம்மா உறையைக் கிழித்து மெல்லிய குழாய் ஒன்றை எடுத்தார். "இத உள்ள விட்டு யூரின நேரா எடுத்துடலாம். கத்தியெல்லாம் வேணாம். நீங்க வெளிய இருங்க, உங்க பதட்டம் அதுக்கும் தொத்திக்கும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், சுவரிலிருந்த அறிவிப்பைப் படித்தான். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

"உக்காருடா, எனக்குத் தலை சுத்துது," என்றாள் அக்கா.

கதவு திறந்தது. "சர்க்கரை துளிகூட இல்ல. கிருமிதான். மாத்திரையில சரியாயிடும்," என்றார் டாக்டரம்மா.

மைனர் வெளியே வந்து, வாசல் தூணருகே தாராளமாகக் காலைத் தூக்கியது. அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றது.

"அக்கா, அம்மாவுக்கும் ஒருவேளை..."

அக்கா நாயின் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

"அம்மாவுக்கு மூணு எடத்துல பாத்தோம்டா. பாட்டிலெல்லாம் நான்தான் கொதிக்க வெச்சுக் கழுவினேன்."