சால்னா இல்லை, சால்சா

2024 ஜூன் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, நெய்வேலி டவுன்ஷிப் பதினெட்டாம் பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸ் சமையலறையில், பொற்கொடி இரண்டு தக்காளியையும் மூன்று பச்சை மிளகாயையும் கேஸ் அடுப்பின் தீயில் நேராகக் காட்டிச் சுட்டாள்.

தோல் கருகி வெடித்ததும் தட்டில் போட்டு ஆறவிட்டாள். கைபேசியில் பார்த்த பெண் அப்படித்தான் செய்திருந்தாள். அவள் மாம்பழத்தையும் அன்னாசியையும் பொடியாக நறுக்கி, சுட்ட தக்காளியோடு கலந்து, மெக்சிகோவில் சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சால்சா என்று சொன்னாள். பொற்கொடியிடம் மாம்பழம் இல்லை. பலாச்சுளை இருந்தது, ஃப்ரிட்ஜின் இரண்டு தட்டுகளிலும் அதுதான். பால் வைப்பதற்குக்கூட இடமில்லை. கொட்டையை நீக்கி, சுளையைக் கடலை அளவுக்கு நறுக்கினாள். வெங்காயம், கொத்தமல்லி, அரை மூடி எலுமிச்சை. கருகிய தோலை உரித்துத் தக்காளியையும் மிளகாயையும் கையாலேயே மசித்துச் சேர்த்தாள். கடைசியில் உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தாள். தேனாக ஆரம்பித்து, தொண்டைக்குப் போகும்போது சுள்ளென்றது.

பழம் கொண்டுவந்தவர் அவளுடைய மாமனார் கொளஞ்சிநாதன். சுரங்கத்தில் பெர்மனென்ட். இந்தக் குவார்ட்டர்ஸும் அவர் பேரில் ஒதுக்கப்பட்டதுதான். அவர் முத்தாண்டிக்குப்பத்துச் சொந்த வீட்டிலிருந்தே ஷிஃப்டுக்குப் போய்வந்ததால் வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. அவருடைய மகன் ஜெயப்பிரகாஷ் அதே ஊர்க் காலனியைச் சேர்ந்த பொற்கொடியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய் நின்றபோது அவர் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தார். "ஊருல வேணாம். அங்க போய் இருந்துக்குங்க." அந்தப் பேச்சில் அன்பு எவ்வளவு, ஒதுக்கல் எவ்வளவு என்று அவளால் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாமியார் கலியம்மாள் இதுவரை இந்த வாசலை மிதித்ததில்லை. மாமனார் வருவார். செகண்ட் ஷிஃப்ட் இருக்கும் நாட்களில், டூட்டிக்கு முன்னால், வண்டியின் பின்னால் பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு.

வந்தால் ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்காருவார். காபி என்றால், "இப்பதாம்மா குடிச்சன்." சோறு என்றால், "சாப்ட்டுதான் வந்தன்." வாழைப்பழம் கொடுத்தால் உரித்துத் தின்பார். பிஸ்கட் என்றால் பாக்கெட்டை அவரே பிரிப்பார். ஒரு வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுவதற்கு ஊரில் கை நனைப்பது என்று பேர். ஒரு வீட்டில் கை நனைத்தாயா என்றுதான் கேட்பார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. சுரங்கத்து கேன்டீனில் முப்பது வருஷமாக யார் வடித்த சோறு என்று பார்க்காமல் சாப்பிடுகிறவர்தான் அவர். கேன்டீனைப் பற்றி ஊரில் யாரும் அவரை விசாரிப்பதில்லை. பாவாடை மகள் வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். பொற்கொடியின் அப்பா பாவாடை அவருடைய தோப்பில் பலா இறக்கியவர். பொற்கொடியின் அம்மா வீரம்மாள் அதே தோப்பில் முந்திரி பொறுக்கினாள்.

அவர் சாப்பிட்டால்தான் தனக்கு மரியாதை என்று பொற்கொடி நினைக்கவில்லை. கல்யாணமான புதிதில் அதை ஜெயப்பிரகாஷிடம் வெடுக்கென்று சொல்லியும் இருக்கிறாள். ஆனால் இப்போது ஆறாவது மாதம். நாளைக்கு இந்த வீட்டில் ஒரு பிள்ளை தவழ்ந்துபோய், தாத்தாவின் முழங்காலைப் பிடித்து எழுந்து, தன் கையிலிருக்கும் இட்லித் துண்டை அவர் வாய்க்கு நேராக நீட்டும். அப்போது அவர் என்ன செய்வார்? சாப்ட்டுதான் வந்தன் என்பாரா? அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் ரத்த மாதிரிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் காட்சி வந்து நின்றது. பிள்ளை பிறப்பதற்குள் அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஜெயப்பிரகாஷ் சமையலறைக்குள் வந்து கிண்ணத்தில் விரலை விட்டு நக்கினான்.

"கொடி, இதான் ஐடியா. பழம் அவரு தோப்புது. சோறு கொழம்புன்னு ஒண்ணும் ஆக்கல. கூட வெக்கிறது கடையில வாங்குன கெழங்கு சிப்ஸ். அதாலயே அள்ளித் தின்னுக்கலாம், கையே நனையாது. எங்கப்பாவுக்குன்னே மெக்சிகோவுல ஒக்காந்து கண்டுபிடிச்சிருக்கான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "தக்காளி சுட்டிருக்கேன்டா."

"அதயெல்லாம் ஏன் சொல்லிகினு."

வாசலில் வண்டி நின்றது. கொளஞ்சிநாதன் இன்னொரு பழத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

"போன தடவ பழமே இன்னும் தீரலைங்க மாமா."

"இருக்கட்டும். நாலு வூட்டுக்குக் குடு. மழ எறங்கிட்டா சப்புன்னு பூடும்."

அவர் முகம் கழுவி வந்து உட்கார்ந்தார். பொற்கொடி ஸ்டூலில் கண்ணாடிக் கிண்ணத்தையும் சிப்ஸ் தட்டையும் வைத்தாள். மஞ்சளுக்கு நடுவே சிவப்பும் பச்சையுமாக அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே ஒரு சிப்ஸை எடுத்தார்.

"இன்னாம்மா இது, கதம்பமா இருக்குது."

"உங்க தோப்புப் பழந்தாங்க மாமா. சால்சா."

அவர் கை நின்றது. சிப்ஸைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"சால்னாவா? நான் சாப்ட்டுதாம்மா வந்தன்."

ஜெயப்பிரகாஷ் பலமாகச் சிரித்துவிட்டான். "சால்னா இல்லப்பா, சால்சா. பரோட்டாவுக்கு ஊத்துறது வேற. இது பச்சையா நறுக்கிப் போட்டது. அடுப்புலயே ஏத்தல."

"அப்பிடியா," என்றார் கொளஞ்சிநாதன். அவர் தோள்கள் தளர்ந்ததைப் பொற்கொடி கவனித்தாள். அவருக்கும் அதைத் தின்றுபார்க்க ஆசைதான் என்பதும், ஒரு வழி கிடைத்துவிட்டதில் அவருக்கு நிம்மதி என்பதும் அதில் தெரிந்தன. கை மறுபடியும் தட்டுக்குப் போனது. அவள் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அவர் சாப்பிட்டுவிடுவார். ஆனால் அது யார் வீட்டுச் சாப்பாடு? அவர் தோப்புப் பழம், கடைக்காரன் சிப்ஸ். நடுவில் அவள் எங்கே இருக்கிறாள்? வாழைப்பழத்தை உரித்துத் தின்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு அந்தப் பிள்ளை நீட்டப்போகும் இட்லி அடுப்பில் வெந்ததாகத்தான் இருக்கும்.

"அடுப்புல வெச்சதுதாங்க மாமா," என்றாள்.

ஜெயப்பிரகாஷ் அவளைப் பார்த்தான்.

"தக்காளியும் மொளகாவும் தீயில சுட்டு உரிச்சுப் போட்டேன். அவரு தெரியாம சொல்றாரு."

கொளஞ்சிநாதன் எடுத்த சிப்ஸை விரல்களுக்கு இடையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோட்டில் ஷிஃப்ட் பஸ் ஒன்று திரும்பிப் போனது.

"சுட்டதுதான," என்றார் பிறகு. "கொல்லையில மல்லாட்ட புடுங்குனா அங்கயே செத்தயப் போட்டுக் கொளுத்திச் சுட்டுத் திங்கறோம். ஊரே திங்குது. அத யாரு சமையல்ன்றா?"

அவர் மகனிடம் பேசவில்லை, அவளிடமும் பேசவில்லை. டீக்கடை பெஞ்சில் அவரை விசாரிக்கப்போகிற எவனுக்கோ இப்போதே பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலக்கடலையைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு தனக்கு ஒரு சந்து வெட்டுகிறார். வெட்டட்டும் என்று விட்டுவிடலாம். அவள் விடவில்லை.

"உப்பும் போட்டிருக்குங்க மாமா. கையாலதான் பெசஞ்சேன்."

கொளஞ்சிநாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வரத் தொடங்கியதிலிருந்து அவளை இவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததில்லை.

"பாவாட மவளாச்சே," என்றார். "அவனும் இப்பிடித்தான். மரத்துமேல ஏறிட்டான்னா, போதும் எறங்குடான்னு கீழ நின்னு கத்திகினு இருப்பன். உச்சிக் காய அறுக்காம எறங்க மாட்டான்."

அவள் அப்பாவின் பெயரை அவர் இந்த வீட்டில் சொன்னது இதுதான் முதல் தடவை. பொற்கொடி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உப்பு போடாம எவன் திம்பான்," என்று முனகிவிட்டு அவர் சிப்ஸைக் கிண்ணத்துக்குள் விட்டு அள்ளினார். கிழங்கு சிப்ஸ் பாதியில் முறிந்து உள்ளே விழுந்தது. இரண்டு விரலை விட்டு அதைத் தேடி எடுத்து, வழிந்ததோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணில் நீர் கட்டியது. மூக்கை உறிஞ்சினார்.

"மொத இனிக்குது. பின்னாலயே வந்து அடிக்குது."

"மொளகாவ கொறச்சிருக்கலாங்க மாமா."

"வேணாம், வேணாம். கெடக்கட்டும்." இன்னொரு தடவை அள்ளினார். "பேரு இன்னான்ன?"

"சால்சாப்பா," என்றான் ஜெயப்பிரகாஷ்.

"அதெல்லாம் வாயில வராது. சால்னான்னே வெச்சிக்கறன்."

அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். ஊரில் கேட்டால் என்ன சொல்வார் என்று மகனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சுரங்கத்தில் புது கன்வேயர் மாட்டுவதைப் பற்றியும், சேத்தியாத்தோப்புப் பக்கம் இன்னும் வாய்க்காலில் தண்ணீர் வராததைப் பற்றியும் அப்பாவும் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சின் நடுவே சிப்ஸ் தீர்ந்துபோனது. அவர் நிறுத்தவில்லை. பொற்கொடி ஒரு ஸ்பூனை எடுத்துக் கொடுத்தாள்.

"வெங்காயந்தான் பத்தல," என்றார் கொளஞ்சிநாதன், கிண்ணத்தின் அடியை வழித்துக்கொண்டே.

பொற்கொடி உள்ளே போய் இரண்டு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.