கத்தரினுக்குப் போட்ட நகை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த லாசாலில், எங்கள் மாடிக் குடியிருப்பில் எதிர்க் கதவு கத்தரினுடையது. வடக்கே, பஸ்ஸில் ஒரு முழுநாள் போகவேண்டிய ஊர்க்காரி. இன்னு என்ற சனம், இந்த மண்ணின் பூர்வகுடி. சட்டம் படிக்கிறாள், கடைசி வருசம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சாப்பிடுவாள். அவள் கதைப்பது பிரெஞ்சு, என் மனைவி புஷ்பவதி கதைப்பது தமிழ். எப்படியோ இரண்டுபேருக்கும் விளங்கிவிடும்.

2007 மாசியில் பனியில் சறுக்கி விழுந்து கத்தரினுக்குக் கால் முறிந்தது. மூலைத் தெப்பனரில், சின்னப் பலசரக்குக் கடையில், பார்த்த வேலையும் அதோடு போனது. படிப்பை விடவேண்டி வரலாம் என்றாள்.

"ஏன், உங்கடை ஆக்களுக்குப் படிப்பெல்லாம் அரசாங்கம் சும்மா குடுக்குதுதானே?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற எங்கள் பக்ரறியில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

"அதுக்கும் வரிசை இருக்கு, மிஸ்யூ மார்க்கண்டு. என்ரை முறை இன்னும் வரேல்லை" என்று சிரித்தாள்.

கஷ்டப்படுகிற பூர்வகுடிச் சட்ட மாணவருக்கென்று ஒரு புலமைப்பரிசில் இருக்கிறதாம். கிடைத்தால் படித்து முடிப்பாள். கிடைக்காவிட்டால் பங்குனியில் ஊருக்குப் போகவேண்டியதுதான். அவளால் நடக்க ஏலாது என்பதால் அந்த நிதியிலிருந்து அக்னெஸ் என்ற அம்மா சனிக்கிழமை நேரே வந்து பார்ப்பதாக இருந்தது. கத்தரினின் போன் வெட்டுப்பட்டிருந்தது. எங்கள் நம்பருக்குத்தான் அந்தச் செய்தியும் வந்தது.

"என்ரை அறை அலங்கோலமாக் கிடக்கு. உங்கடை வீட்டிலை வச்சுக் கதைக்கட்டோ?" என்று கேட்டாள்.

நான் தமிழில் சொல்லி முடிக்கமுதலே புஷ்பவதி ரோல்ஸுக்கு இறைச்சி எடுத்து வெளியில் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து நாரி முறிய வந்து பார்த்தால், செற்றிக்குப் புது விரிப்பு, மேசையில் ரோல்ஸ், வடை, கேக். நடுவில் கத்தரின், கழுத்தில் புஷ்பவதியின் பதக்கச் சங்கிலி, கையில் காப்புகள், காதில் தோடு.

"என்னப்பா இது, பொம்பிளை பார்க்க வாற ஆக்களே?"

"நீங்கள் சும்மா இருங்கோ. ஒரு பெரிய மனுசி வீடு தேடி வாறா. குமர்ப்பிள்ளை வெறுங்கழுத்தோடை நிண்டா எங்களையெல்லோ குறையா நினைப்பா? அது சரி, இந்தக் காப்பு எனக்கு எவ்வளவு இறுக்கம். அவளுக்கு முழங்கை வரைக்கும் ஓடுது!"

எனக்கும் அது பகிடியாகத்தான் இருந்தது.

அக்னெஸ் அம்மா வந்தார். நரைத்த முடி, பழைய கோட், கடுமையான முகமில்லை. சங்கிலியை ஒருதரம் பார்த்தார். மேசையை ஒருதரம் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய், கத்தரின்?"

கத்தரின் நிலத்தைப் பார்த்தாள். அவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நான்தான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பக்ரறிப் பிரெஞ்சில், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

"இவள் எங்கடை மகள் மாதிரி, மடாம். இஞ்சை அவளுக்கு ஒரு குறையும் இல்லை!"

வீட்டுக்கு வந்தவருக்கு வேறென்ன சொல்வது? வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது.

அக்னெஸ் அம்மா பேனையை மூடினார். "சந்தோசம். இதைவிட அவசரமான ஆக்களும் இருக்கிறார்கள்" என்று எழும்பப் பார்த்தார்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கத்தரின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கக் கையைத் தாழ்த்தினாள். காப்புகள் தானாகவே கழன்று நிலத்தில் விழுந்து, ஒன்று உருண்டு அக்னெஸ் அம்மாவின் சப்பாத்தில் முட்டி நின்றது.

எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தோம். எலும்பும் தோலும். ஞாயிறு தவறாமல் எங்கள் மேசையில் கோப்பை பிடித்த கை. நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

"மடாம், நகை என்ரை மனிசியின்ரை" என்றேன். "இப்பிடிச் சாப்பாடும் இண்டைக்குத்தான்."

"அப்ப ஏன் போட்டுவிட்டீர்கள்?"

நான் குனிந்து அவரின் சப்பாத்தடியில் கிடந்த காப்பை எடுத்தேன்.

"உன் அறையைக் காட்டுவாயா?" என்று அக்னெஸ் அம்மா கத்தரினிடம் கேட்டார்.

"வேண்டாம்."

"நான் பார்க்காததை எழுத ஏலாது, பிள்ளை."

பிறகு கத்தரின் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முன்னுக்கு நடந்தாள்.

அவள் கதவைத் திறக்க, வெளியில் நிற்கிற மாதிரிக் குளிர் முகத்தில் அடித்தது. யன்னலின் உட்பக்கம் ஐஸ் பிடித்திருந்தது. கரண்டுக் காசை மிச்சம்பிடிக்க ஹீற்றர் முழுக்க நிறுத்திக் கிடந்தது. கட்டில் இல்லை. நிலத்தில் ஒரு மெத்தை, அதன்மேல் கோட், சுவரோரம் சட்டப் புத்தகங்கள். புஷ்பவதி நேரே போய்ப் பிறிட்ஜைத் திறந்தாள். உள்ளே கடுகுப் போத்தல் ஒன்று. பிறிட்ஜுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக் கறி டப்பாக்கள், கழுவித் துடைத்து, திருப்பித் தர அடுக்கியபடி.

"ஐயோ, பிள்ளை!" என்று புஷ்பவதி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். எங்கள் கதவிலிருந்து ஆறடி தூரம்.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் விருந்தாளிக்குச் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொன்னனான். ஒரு குறையும் இல்லையெண்டு" என்றாள் கத்தரின்.

அக்னெஸ் அம்மா மெத்தையின் ஓரத்தில் இருந்துகொண்டு மறுபடி பேனையைத் திறந்தார். "நான் தனியாக முடிவெடுக்க ஏலாது. கண்டதைச் சொல்லுவன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவே கத்தரினை எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னோம். மாட்டேன் என்றாள். சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கிழமை போன் அடித்தது. புஷ்பவதி எடுத்தாள். "கத்தரின்" என்ற பெயரும் "வீ", அதாவது ஆம், என்ற சொல்லும்தான் அவளுக்கு விளங்கியிருக்கும். ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு எதிர்க் கதவுக்கு ஓடினாள். கேட்டேன். புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது.

நான் போகையில் புஷ்பவதி கத்தரினின் தோளைப் பிடித்து உலுக்கி, "வீ, வீ!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கத்தரின் கோட்டுக்குள் ஒடுங்கி இருந்தாள், மடியில் புத்தகம். நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. சுவரைப் பிடித்து எழும்பிப் போய் ஹீற்றரைத் திருகினாள். பழைய இரும்பு டக், டக் என்றது. சூடு வரும்வரை மூன்றுபேரும் கோட்டோடு அதன் முன்னால் நின்றோம்.