ஒரே நாற்காலி ஆட்டம்

கணினியின் பழைய ஓஎஸ்ஸை, அதாவது இயங்குதளத்தை, மாற்றச் சொல்லி நான்காவது தடவையாக ஆசெனிடம் வந்து நின்றான் பென்ச்சோ. ஆசெனின் தங்கை கணவன். பல்கேரியாவின் ரூசே ஊரில் பாதிப் பேரின் கணினிக்கு அவன்தான் வைத்தியர்.

"மச்சான், இதுல பேங்க் பக்கம் திறக்குதா? டாக்டர் சீட்டு திறக்குதா? எதுக்கு இந்தப் பொணத்தக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?"

"பொறு மாப்பிள்ள, போட்டோ எல்லாம் எடுத்து வைக்கணும்."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. நாளைக்கு வர்றேன், மொத்தமா தொடச்சுட்டுப் புதுசு போடுறேன். உங்க பழைய சண்டை ஆட்டம் மட்டும் அதுல ஓடாது. இப்பவே சொல்லிட்டேன்."

போட்டோ வெறும் சாக்கு. ஆசென் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது அந்த ஆட்டத்துக்காகத்தான். இரண்டு பேர், ஒரு கணினி, ஒரே நாற்காலி. ஒருவர் படையை நகர்த்தும்போது மற்றவர் திரையைப் பார்க்கக் கூடாது, எழுந்து போய்விட வேண்டும். கடைசிப் போரை அவனும் மனைவி நெவேனாவும் விவாகரத்துக்கு முந்தைய மாதம் தொடங்கினார்கள். சாமான்களையெல்லாம் பிரித்துக்கொண்டார்கள், இதைப் பிரிக்க வழி தெரியவில்லை. எட்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவள் ட்ராலிபஸ் பிடித்து வந்து ஆடிவிட்டுப் போகிறாள். ஆட்டமே இல்லையென்றால் அவள் எதற்கு வருவாள்? இதைப் போய் பென்ச்சோவிடம் சொல்ல முடியுமா? ஊரே சிரிக்கும்.

அன்று ஞாயிறு. மதியம், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா பொட்டலத்தோடு வந்தாள் நெவேனா.

"நாளைக்கு பென்ச்சோ ஓஎஸ் மாத்துறான். ஆட்டம் ஓடாதாம்," என்றான், பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே. "வேணாம்னா சொல்லு, நிறுத்திடறேன்."

"மாத்திக்கோயேன். மாத்திரைச் சீட்டுக்கு இன்னும் எத்தனை நாள் வரிசைல நிப்ப?"

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாளே என்று அவனுக்குச் சுருக்கென்றது. அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும், வழக்கம்போல் குடைமிளகாய் சுடச் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"எங்க போற? கடைசித் தடவதான, வந்து பாரு."

அவளுடைய பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே கோட்டையின் பின்வாசலை ஒட்டி அவள் படை மொத்தமும் நின்றது. உள்ளே காவலுக்கு அவன் வைத்திருந்ததோ பன்னிரண்டு வில்லாளிகள். அவள் மூன்று தடவை சொடுக்கினாள், கோட்டை விழுந்தது.

"எப்பலேருந்து இங்க நிக்குது?"

"அஞ்சு வருஷமா."

"அப்புறம் ஏன் அடிக்கல?"

"அடிச்சா முடிஞ்சிருமே, மரமண்டை!"

ஞாயிற்றுக்கிழமைக்காக ஏங்குவது தான் ஒருத்தன் மட்டும்தான் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தான்! அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே வர மாட்டியா?"

"கூப்பிட்டா வருவேன். 'உன் முறை'ன்னு மெசேஜ் அனுப்புவியே தவிர, எட்டு வருஷத்துல வான்னு ஒரு தடவ கூப்பிட்டிருக்கியா?"

யோசித்துப் பார்த்தான். இல்லைதான். வெட்கமாக இருந்தது.

"வா, நெவேனா."

"எப்போ?"

"நாளைக்கு."

"நாளைக்கு பென்ச்சோ இருப்பானே."

"இருக்கட்டும். பாத்தா பாக்கட்டும்."