வீடு திரும்பிய நாற்காலிகள்

மேயர் எம்மெட் ஜெலின்காவின் உத்தரவுப்படி நகராட்சிக் கிடங்குக்கு அள்ளிப் போன நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளும் மறுநாள் விடிவதற்குள் நடந்தே தத்தம் வாசலுக்குத் திரும்பிவிட்டன. பனியில் கால்தடங்கள் நாலு நாலாகப் பதிந்திருந்தன; பால்காரர் அவற்றை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்.

அந்த இரும்பாலை ஊரில் வழக்கம் அப்படி. காரை நிறுத்துவதற்காக வாசல் பனியை யார் வாரி ஒதுக்குகிறார்களோ, அவர்கள் அங்கே ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். திரும்பும்வரை இடம் அவர்களுடையது. ஜெலின்கா மேயராவதற்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு டாக்டர் கார் நிறுத்த நாற்காலி இல்லாத இடம் தேடி நாலு தெரு சுற்றி வருவதற்குள் கிழவர் புரோகாப்பின் மூச்சு நின்றுபோனது. தெரு எல்லோருக்கும் பொது என்று சொல்லித்தான் அவர் தேர்தலில் ஜெயித்தார்.

எட்டு வருஷம் பாடுபட்டார். வட்டத் தலைவர்களின் மச்சான்களைச் சம்பளப் பட்டியலிலிருந்து நீக்கினார், குழாயில் துரு இல்லாத தண்ணீர் வரவைத்தார். நாற்காலிகளிடம்தான் அவர் ஜம்பம் சாயவில்லை. சங்கிலி போட்டார்; சங்கிலியோடு வந்தன. ஆற்றுக்கு அக்கரையில் விட்டார். ஈரக் காலோடு வந்தன.

"ஏம்ப்பா எம்மெட், என் புருஷன்கூட இவ்வளவு ஒழுங்கா வீடு வந்து சேந்ததில்ல" என்று எதிர்வீட்டு ஹ்ருஸ்கா அம்மாள் சொன்னதற்குத் தெருவே சிரித்தது.

மூன்றாம் தேர்தலில் தோற்றார். அந்த வருஷம் நவம்பரிலேயே பனி கொட்டியது.

"போயும் போயும் நாற்காலிகிட்ட தோத்திருக்கீங்களே" என்றாள் மனைவி டோரா. "சரி, சூப் ஆறுது, வாங்க."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஹ்ருஸ்கா அம்மாளின் நாற்காலி முன்னால் தொப்பியைக் கழற்றினார். சட்டம் பேசப் பதவியும் இல்லை, தெம்பும் இல்லை. "உன்னை இனிமே யாரும் தூக்க மாட்டாங்க. முடியாதவங்களப் பாக்க வர்ற காருக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லேன்" என்றார். அது அசையவில்லை. அடுத்த வாசலுக்குப் போனார். எல்லா வாசலுக்கும் போய்ச் சொல்லி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று, மார்ச்சளியும் கட்டிக்கொண்டது.

பிப்ரவரியில் ஒரு பிரசவத்துக்கு மருத்துவச்சியின் கார் வந்தபோது, வாசலில் நின்ற நாற்காலி நகர்ந்து நடைபாதைமேல் ஏறிக்கொண்டது. பெண் குழந்தை. அன்றிலிருந்து அந்த ஊரில் அப்படித்தான். யாரும் நின்று பார்ப்பதில்லை. புது மேயர் அதைத் தன் சாதனைகளில் நாலாவதாக அச்சடித்தார்.

"இதுக்காவது பத்திரிகைக்கு ஒரு கடுதாசி எழுதுங்களேன்" என்றாள் டோரா.

"யார் சொல்லித் தள்ளி நின்னா என்ன, நிக்குதுல்ல" என்று ஜெலின்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மத்தியானம்தான் ஆகியிருந்தது. தூங்கிவிட்டார்.