அக்காவின் கையில் ஒரு நாய்

அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்தது அவள் முடி வெட்டும் சலூனில், சிந்திக் கிடந்த ஷாம்பூவில் வழுக்கி. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு அழகா கூடியிருக்கு" என்றார். எலும்புதான் கூடியிருந்தது. கை எங்கள் குடும்பத்தோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தது.

அது வீங்கிப்போய்க் காலையில் சிவப்பாகவும் மாலையில் கத்தரிக்காய் நிறத்திலும் இருந்தது. காரணமில்லாமல் வியர்த்தது. போர்வை நுனி பட்டாலே அக்கா துடித்தாள். அந்த நோய்க்கு காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம் என்று பெயர் சொன்னார்கள். அக்காவின் கணவரான என் அத்தான் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்து, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்.

பிசியோதெரபிஸ்ட் அம்மாள்தான் புரியும்படி சொன்னார். "வீட்டுல திருடன் வந்தான், நாய் குரைச்சுது. அது சரி. திருடன் போயி ஆறு வாரமாச்சு, நாய் நிறுத்தல. இப்போ பால்காரனைப் பார்த்தா குரைக்குது, வீட்டுக்காரனைப் பார்த்தா குரைக்குது, காத்தடிச்சாலும் குரைக்குது. வலி பொய்யில்ல. ஆனா திருடன் இல்ல. நாயைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்."

அன்றிலிருந்து அக்காவின் வலது கைக்கு எங்கள் வீட்டில் நாய் என்று பெயர். "நாய் எந்திரிச்சிடுச்சா?" என்பார் அத்தான் காலையில். "எந்திரிச்சு உங்களைத்தான் தேடுது" என்பாள் அக்கா.

சிரித்தாலும், அக்காவுக்கு ஒரு தேதி இருந்தது. சலூனில் ஜன்னலோரம் இருந்த அவளுடைய நாற்காலியை முதலாளியம்மா அடுத்த மாதம் முதல் தேதி வரைதான் காலியாக வைத்திருப்பார். அதன்பின் வேறொருத்தி வந்துவிடுவாள். ஒருவருக்கு முடிவெட்ட அரைமணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் வெட்டிய முடி கையில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு முடி விழுந்தாலே அக்காவுக்குத் தீக்குச்சி விழுந்த மாதிரி. நாள் இருபத்தைந்து இருந்தது.

பயிற்சிகளை நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். எதையும் அளக்காமல் நான் செய்வதில்லை என்பதால் அக்கா என்னை ஸ்கேல் என்று கூப்பிடுவாள். பஞ்சு, துண்டு, ஸ்பாஞ்ச் இவற்றால் கையை மெல்லத் தடவ வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். கைப்படங்களைக் காட்டி இடதா வலதா என்று கேட்க வேண்டும். மூன்றாவது பயிற்சி கண்ணாடிப் பெட்டி. ஒரு கை பெட்டிக்குள் மறைந்திருக்க, மறு கை வெளியே கண்ணாடியின் முன் அசைய வேண்டும்.

பெட்டியை நானே செய்தேன். வாரம் இரண்டு மாலை நான் தச்சு வேலை வகுப்புக்குப் போகிறேன். எனக்கு என்மேல் நம்பிக்கை குறைவு. அதனால் பலகையை நான்கு முறை அளந்தேன், உப்புத்தாளை இரண்டு முறை மாற்றினேன், கண்ணாடி சாய்ந்திருக்குமோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் அக்காவின் இடத்துக்கு எதிரே உட்கார்ந்து பெட்டியைச் சரிபார்த்து, எந்தக் கை எங்கே என்று எழுதி ஒட்டினேன். பிறகு ஓர் அட்டவணை போட்டேன். மணிக்கு ஒருமுறை வலி எவ்வளவு என்று கேட்பேன்.

"அக்கா, பத்துக்கு எத்தனை?"

"ஆறு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆறா, ஆறரையா?"

"யோசிச்சா ஏழுடி."

ஏழு என்று எழுதிக்கொள்வேன். அத்தான் தன் பங்குக்குக் காய்ச்சல் மானியைக் கொண்டுவந்து இரண்டு கைகளின் சூட்டையும் பார்த்துச் சொல்வார். அந்த எண்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன்.

ஒன்பது நாளில் வலி ஏழிலிருந்து எட்டரைக்குப் போனது. சிவப்பு மையில் கோடு போட்டுப் பார்த்தேன், கோடு மாடி ஏறிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் சரியில்லையோ, பலகையில் சிராய் இருக்கிறதோ என்று கவலைப்பட்டுப் பெட்டியை மறுபடி தேய்த்தேன்.

பத்தாம் நாள் பிசியோதெரபிஸ்டிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். அக்கா வழக்கம்போல உட்கார்ந்து காட்டினாள். அந்த அம்மாள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நீங்க எந்தக் கையைக் கண்ணாடியில பார்க்கறீங்க?"

"வலி இருக்கற கையைத்தான் மேடம். ரெண்டு ரெண்டா தெரியும்."

"நல்ல கை?"

"அது பெட்டிக்குள்ள ஓய்வெடுக்குது."

நான் எதிரே உட்கார்ந்து சரிபார்த்ததால் என் இடது அவளுக்கு வலதாகிவிட்டது. நல்ல கையைக் கண்ணாடியில் காட்டி, வலிக்கிற கையே வலியில்லாமல் அசைவதாக மூளையை நம்பவைப்பதுதான் வைத்தியம். நான் ஒன்பது நாளாக ஒரு நாய்க்கு இன்னொரு நாயைக் காட்டியிருக்கிறேன்.

"உங்களுக்குச் சந்தேகமே வரலியா?" என்று அக்காவைக் கேட்டார்.

"மருந்துன்னா கசக்கத்தானே மேடம் செய்யும். அதுவும் இவ நாலு தடவை அளந்து செஞ்சது."

அவர் பெட்டியை அரைச் சுற்று திருப்பி வைத்தார். அவ்வளவுதான். நான் தரையில் எங்காவது பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது என் அட்டவணை அவர் கைக்குப் போயிருந்தது.

"அழகா எழுதியிருக்கே. ஆனா மணிக்கொரு தடவை போய் 'திருடன் வந்தானா, திருடன் வந்தானா'ன்னு கேட்டா எந்த நாய் தூங்கும்? வலியை எழுதாதே. அக்கா என்ன செஞ்சான்னு எழுது. வலி ஏறறதுக்கு முன்னாடியே நிறுத்தணும், நிறுத்தினதையும் எழுது."

எண் கேட்காமல் இருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வாய் வரை வந்த கேள்வியை விழுங்கி, "அக்கா, மணி எத்தனை?" என்று கேட்டேன். அவளுக்குப் பின்னால் நின்ற அத்தான் இரகசியமாக ஐந்து விரலைக் காட்டினார். மணி அப்போது பதினொன்று.

கோடு போட எதுவும் இல்லாததால் எழுதினேன்: டம்ளரைப் பிடித்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று போட்டாள். மறுநாள் ஒன்றும் முடியவில்லை, அழுதாள். அதற்கு மறுநாள் பொத்தான் இரண்டு.

முடிக்குப் பழக முடி வேண்டுமே. அத்தான் தலையை நீட்டினார்.

"அங்க எங்க இருக்கு?" என்றாள் அக்கா. "இருக்கற நாலையும் வெட்டிட்டா வீட்டுக்கு விளக்கே வேண்டாம்."

முதலாளியம்மா ஒரு பை நிறைய வெட்டிய முடியைக் கொடுத்தனுப்பினார். முதல் நாள் அதற்குள் பத்து விநாடிதான் கை இருந்தது. பிறகு அரை நிமிடம். இருபத்தைந்தாம் நாளில் பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் கை கத்தரிக்காய் ஆகிவிடும்.

முதல் தேதி சலூனுக்கு நானும் போனேன். அக்கா முதலாளியம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். "இன்னும் வலி இருக்குக்கா. பன்னிரண்டு நிமிஷம் வெட்டுவேன், அப்புறம் கொஞ்ச நேரம் கைக்கு ஓய்வு குடுக்கணும்."

முதலாளியம்மா ஜன்னலோர நாற்காலியில் தானே உட்கார்ந்து துணியைப் போர்த்திக்கொண்டார். "எங்க, வெட்டு."

அக்கா கத்தரியை எடுத்தாள். முடி கையில் விழுந்தது. உதட்டைக் கடித்தாளே தவிர கையை இழுக்கவில்லை. இடது பக்கம் முடிந்து வலது பக்கம் சீப்பை வைக்கும்போது பன்னிரண்டு நிமிடம் ஆனது. முன்பெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பாள். அன்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"போதும்க்கா. இதுக்கு மேல போனா ஒரு வாரம் படுத்துடுவேன்."

ஒரு பக்கம் காது வரையும் மறுபக்கம் தோள் வரையும் முடியோடு முதலாளியம்மா எழுந்தார். அப்படியே போய் இரண்டு பேருக்கு போனில் நேரம் கொடுத்தார். உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருத்தி அவரைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினாள். அக்கா நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

போனை வைத்துவிட்டு முதலாளியம்மா கேட்டார். "சின்னப் பசங்க எவ்வளவு நேரம் ஆடாம உட்காருவாங்க?"

"பத்து நிமிஷம். அதுவே அதிகம்."

"அப்போ பசங்க எல்லாம் இனிமே உன்கிட்ட. ஒருத்தனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவுல கைக்கு ஓய்வு குடுத்துக்கோ. நாற்காலி இங்கயே இருக்கட்டும்." கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "உன் ஓய்வு முடிஞ்சதும் இந்தப் பக்கத்தையும் வெட்டிடு. இப்படியே வீட்டுக்குப் போனா என் மாமியார் கதவைத் திறக்க மாட்டாங்க."